ஆறாவது புள்ளி

ராஜலட்சுமிக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, அவள் எழுந்து கிளம்பும்போது, "கைவிரல், கால்விரல் மரத்துப்போற மாதிரி இருந்தா உடனே வந்துடுங்க" என்றார். வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் பார்வை இல்லாமல் பிறந்து, முப்பத்தொன்பது வயது வரை விரலால் படித்து, விரலாலேயே வேலை பார்த்துவரும் ராஜலட்சுமிக்கு அது வெறும் வார்த்தையாகப் படவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியை ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் பிரெய்லி அச்சகத்தில் அவளுக்கு வேலை. இரண்டே அறை. முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் பிரிண்டர். அந்தப் பிரிண்டருக்கு மை கிடையாது. அதற்குள் ஆறு ஊசிகள் தடித்த தாளைக் குத்திக் குத்திப் புள்ளிகளை மேடாக எழுப்பும். ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கான இடம். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலது பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. எவை எழும்பியிருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்தால் எழுத்து தெரியும். மாவட்டத்துப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் பாடப்புத்தகம் போகும். அச்சடித்து, தடவிப் படித்துப் பிழை பார்த்து, கட்டி அனுப்புவது வரை எல்லாம் ராஜலட்சுமி பொறுப்பு.

அக்டோபர் கடைசியில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மூன்றாம் தொகுதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவளின் விரல் ஒரு இடத்தில் நின்றது. 'மழை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மரை' என்று இருந்தது. ழகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆறாவது புள்ளி இருந்தால் ழ, இல்லாவிட்டால் ர. எழுத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டரில் கேட்டுப் பார்த்தாள். அது 'மழை' என்றே படித்தது. மறுபடி தடவினாள். புள்ளி இல்லை. இன்னும் மெதுவாகத் தடவியபோது ஏதோ லேசாக இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

ஆறாவது புள்ளி எழுத்தின் வலது கீழ் மூலை. விரல் நுனியின் வலது ஓரம் படும் இடம்.

'ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்குமோ?' என்று நினைத்தவுடன் கையை இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க இடது கையால் படித்துப் பார்த்தாள். அப்போதும் சில இடங்களில் புள்ளி இல்லை. அப்படியானால் இரண்டு கையும் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாளே தவிர, பிரிண்டரைப் பற்றி யோசிக்கவில்லை. பயம் அப்படித்தான், தனக்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். மூன்றாம் தொகுதியையும் நான்காம் தொகுதியையும் சரியாக இருப்பதாகக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஜவளகிரியிலிருந்து போன் வந்தது. பேசியது சரிதா. அந்த மூன்றாம் தொகுதி போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி. டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை.

"அக்கா, ஒரு டவுட்டு. 'வேதி'ன்னா என்ன, 'லேதி'ன்னா என்ன? ரெண்டுக்கும் வித்தியாசம் என்னக்கா?"

"என்னது?"

"புக்குல ஒரு இடத்துல வேதிச் சமநிலைன்னு இருக்குது. ரெண்டு வரி தள்ளி லேதிச் சமநிலைன்னு இருக்குது. ரெண்டும் வேற வேறன்னு தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டேன். கிளாஸ்ல சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க."

ராஜலட்சுமிக்கு உடனே புரிந்துவிட்டது. வகரத்தில் ஆறாவது புள்ளி போனால் லகரம்.

"சரிதா, அந்த வார்த்தைய நல்லா தடவிப் பார்த்தியா? புள்ளி லேசாக்கூட இல்லியா?"

"சுத்தமா இல்லக்கா. நவுத்துப் பார்த்தேன், கவுத்துப் பார்த்தேன். தாள் மழமழன்னு இருக்குது."

பதினைந்து வயதுப் பெண்ணின் விரல். அதற்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். என் விரல் நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது அடங்குவதற்குள், புள்ளி விரலுக்குத் தெரியாதபோதே சரியென்று கையெழுத்து வைத்துப் புத்தகத்தை அனுப்பினோமே என்பது வந்துவிட்டது.

அறக்கட்டளையின் செயலாளர் நாராயணப்பன் தளி ரோட்டில் ரோஜா வளர்ப்பவர். காலையில் பூ பறித்து ஏற்றிவிட்டு, பதினொரு மணிக்கு அச்சகத்துக்கு வந்துவிடுவார். பிரிண்டரில் கோளாறு என்று அவள் சொன்னதும் அதை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வந்த குரல் மரியாதையாகத்தான் பேசியது. அந்த மாடல் நின்று ஆறு வருஷமாகிறது, பாகங்கள் வருவதில்லை, புது மெஷினுக்கு வேண்டுமானால் விவரம் அனுப்புகிறோம்.

"பதினோரு வருஷம் உழைச்சிருக்குதும்மா. நம்ம வண்டியா இருந்தாக்கூட மாத்தியிருப்போம்" என்றார் நாராயணப்பன். "சனிக்கிழமை பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுக்கற வண்டி இந்தப் பக்கம் வருது. அதுல போட்டுடலாம். இனிமே பாடத்தையெல்லாம் ஆடியோவா பண்ணிக் கொடுப்போம். இப்ப எந்தப் பிள்ளைகிட்ட போன் இல்ல?"

"சார், கேட்டா மட்டும் போதுங்களா? மழைக்கு எந்த ழன்னு காதுக்கு எப்படிங்க தெரியும்? பரீட்சையில பிள்ளைங்க சொல்றதைக் கேட்டு எழுதறவங்க, எந்த எழுத்துன்னு திருப்பிக் கேப்பாங்களே."

அவர் போனை மேஜைமேல் வைத்தார். "எனக்கும் ஆசையா என்ன? கம்பெனிக்காரனே கைய விரிச்சுட்டான்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டறேன்."

"காட்டும்மா. வேண்டாங்கல" என்றார். நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

யாரையாவது என்று சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான். பக்கத்து வீட்டு ராஜசேகர். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். அந்த வாரம் முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடியும். புதன்கிழமை சாயங்காலம் அவன் மனைவி மாதேஸ்வரி மூலம் கேட்டு அனுப்பினாள். வியாழன் மூன்று மணிக்குச் சாப்பிட்ட கையோடு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"பிரிண்டர்னா டோனர் பிரிண்டர்னு நெனச்சேன்க்கா. இது என்னா, குட்டி பிரஸ் மெஷினாட்டம் இருக்குது!" அவன் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

"தம்பி, எனக்குக் காது நல்லா கேக்குது."

ராஜசேகர் சங்கடமாகச் சிரித்தான். அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேசினான்.

கோளாறை அவள் விளக்கினாள். மழை மரையானதைச் சொன்னபோது, "மரையா? போல்ட்டுல இருக்குமே, அந்த மரைங்களா?" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். சொல்லச் சொல்ல அவள் கையை வைத்துத் தெரிந்துகொண்டாள். ஒரு தண்டவாளத்தின் மேல் ஒரு தலை இடமும் வலமும் ஓடுகிறது. அதற்குள் ஆறு ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பின்னாலும் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். கரண்ட் வந்தால் காயில் ஊசியைத் தள்ளும். தலைக்குக் கரண்ட் கொண்டுவருவது நாடா மாதிரியான ஒரு தட்டைக் கேபிள்.

"பேப்பர் தூள் அடைச்சுக்கினு இருக்குதுக்கா. ஆறாவது ஊசி சிக்கியிருக்கும்." பிரஷ்ஷால் தூள் தட்டி, ஊசியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். "ஏதாவது அடிச்சுப் பாருங்க."

அவள் தன் பெயரை அடித்தாள். மெஷின் தடதடவென்று குத்தியது. தாளை உருவித் தடவினாள். டகரத்தில் ஆறாவது புள்ளி கூர்மையாக நின்றது. இன்னும் நாலு முறை அடித்தாள். நாலும் சரி.

"முடிஞ்சுது" என்றான் ராஜசேகர். டீ வாங்கிவந்து இருவரும் குடித்தார்கள்.

அவன் மூடியை மாட்டப் போகும்போது, எதற்கும் ஒரு முழுப் பக்கம் அடித்துவிடலாம் என்று அறிவியல் புத்தகத்திலிருந்து ஒன்றை அனுப்பினாள். மூன்றாவது வரியிலேயே 'தழை' இருந்த இடத்தில் 'தரை' வந்தது. "ஆடு தரையைத் திங்குதுங்க தம்பி" என்றாள். அவன் மூடியைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் ஒரு யோசனையோடு வந்தான். "அக்கா, எழுத்தே வேண்டாம். ஆறு புள்ளியும் இருக்கற மாதிரி பக்கம் முழுக்க அடிங்க. எங்கே விடுதுன்னு பாத்துடலாம்."

ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து. முதல் வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனாள். பத்தொன்பது வரை ஆறு புள்ளியும் இருந்தன. இருபதாவதில் வலது கீழ் மூலை இல்லை. அங்கிருந்து வரி முடியும் வரை இல்லை. இரண்டாவது வரி, பத்தொன்பது வரை இருந்தது, இருபதிலிருந்து இல்லை. மூன்றாவதும் அப்படியே.

அவள் தாளை அவனிடம் நீட்டினாள். "தம்பி, நீங்க ஒரு தடவை கண்ணால பாருங்க. நான் சொல்றது சரியான்னு."

அவன் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து எண்ணினான். "கரெக்ட்டுக்கா. பத்தொம்பது. எல்லா வரியும் பத்தொம்பது. உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்."

அப்போதுதான் அவள் சொன்னாள். சர்க்கரை, டாக்டரம்மா சொன்னது, விரல்தான் போகிறதென்று பயந்து இரண்டு தொகுதியை அப்படியே அனுப்பியது, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது வெளியே ஒரு கம்பெனி பஸ் நின்று ஆட்களை இறக்கும் சத்தம் கேட்டது.

"விரல் மரத்துச்சுன்னா வரியோட வலது பக்கம் மட்டுமாக்கா மரக்கும்?" என்றான் ராஜசேகர். "எங்க ஷாப்புல நான் ஒரு தடவ தப்பா மாட்டிட்டு, மெஷின் மேல பழி போட்டு மூணு நாள் ஓட்டினேன். நீங்க மெஷின் தப்ப உங்க மேல போட்டுக்கினீங்க. அவ்வளவுதான்." பிறகு சட்டென்று வேலைக்குத் திரும்பிவிட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது ஊசியின் வயரையும் ஆறாவது ஊசியின் வயரையும் மாற்றிச் சொருகினான். மறுபடி ஒரு பக்கம். அவள் தடவிப் பார்த்து, "இப்ப ஆறாவது இருக்குது. மூணாவது போயிடுச்சு. அதே இருபதுலேருந்து" என்றாள்.

"அப்ப ஊசியும் நல்லாருக்குது, காயிலும் நல்லாருக்குது. கரண்டே வரல." பெருமூச்சு விட்டான். "சர்க்யூட் போர்டுக்கா. போர்டுன்னா நம்ம கையில இல்ல. கம்பெனியிலயும் எங்களை போர்டத் தொட விடமாட்டாங்க. கழட்டு, புதுசு மாட்டு, அவ்வளவுதான் ஆர்டர். இதுக்குப் புதுசும் இல்ல."

ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போடும் சத்தம் கேட்டது.

ராஜலட்சுமி கையிலிருந்த தாளை விடவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போர்டு கெட்டிருந்தா பத்தொம்பது வரைக்கும் மட்டும் எப்படி நல்லா வருது? போர்டு ஒரே இடத்துலதானே இருக்குது. வரி போகப் போக நகர்றது எது?"

சத்தம் நின்றது.

"தலை" என்றான். "தலையும்... கேபிளும்!"

மல்டிமீட்டரை எடுத்தான். கேபிளில் ஆறாவது ஊசிக்குப் போகும் வயரின் இரு முனையிலும் அதன் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டான். வயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் கூவும். "நீங்க தலையப் பிடிச்சு மெதுவா வலது பக்கம் தள்ளுங்கக்கா."

அவள் தள்ளினாள். மீட்டர் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. தலை பாதி தூரம் தாண்டியதும் சத்தம் நின்றது. இடது பக்கம் இழுத்தாள். கூவியது. மறுபடி வலது. நின்றது. அவள் நாலைந்து முறை அப்படிச் செய்தாள். தேவையே இல்லை, ஆனாலும் செய்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு வருஷம் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே ஒரு வயர் விரிசல் விட்டிருந்தது. கேபிள் வளையும்போது விலகும், நிமிரும்போது சேரும். புது கேபிள் ஓசூரில் கிடைக்குமா என்று தெரியவில்லை. ராஜசேகர் வயர்களை ஒவ்வொன்றாக எண்ணினான். பதினாறு. பதினாலுக்குத்தான் வேலை இருந்தது. இரண்டு எங்கேயும் சேராமல் சும்மா கிடந்தன.

"சும்மா இருக்கறவனுக்கு வேல கொடுத்துடலாம்" என்றான். "காலையில வந்து பத்தவைக்கிறேன். நாளைக்கு எனக்கு லீவுதான்."

சனிக்கிழமை அவன் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போதே பழைய சாமான் வண்டி வந்துவிட்டது. கூடவே நாராயணப்பனும் வந்தார். பின்னறை மேஜை முழுக்கப் பிரிண்டரின் பாகங்கள் பரப்பிக் கிடந்தன.

"என்னம்மா இது, பிரிச்சே போட்டுட்டீங்களா?"

"அரை மணி நேரம் சார்" என்றாள் ராஜலட்சுமி.

வண்டிக்காரர் கன்னடத்தில், தனக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டும் என்றார். நாராயணப்பன் அவரிடம் மூலையில் கிடந்த பழைய மானிட்டரையும் கெட்டுப்போன யூபிஎஸ்ஸையும் காட்டி, முதலில் அதைக் கட்டச் சொன்னார்.

சும்மா கிடந்த ஒரு வயரின் இரு முனையையும் ஆறாவது ஊசியின் பாதையோடு ராஜசேகர் இணைத்தான். ஈயம் உருகும் வாசனை அறையெங்கும் பரவியது. மல்டிமீட்டரை வைத்துத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளினான். சத்தம் எங்கேயும் நிற்கவில்லை. பாகங்களை மாட்டினான். ஆறு புள்ளிப் பக்கம் ஒன்று வெளியே வந்தது.

ராஜலட்சுமி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடவினாள். வண்டிக்காரரும் வாசலில் நின்றிருந்தார்.

"முப்பத்திரண்டும் இருக்குது" என்றாள். "எல்லா வரியிலும்."

நாராயணப்பன் தாளை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தானும் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "பலே" என்றார். வண்டியை மானிட்டரோடும் யூபிஎஸ்ஸோடும் அனுப்பிவைத்தார்.

"ரொம்ப நாள் தாங்காது சார்" என்றான் ராஜசேகர். "பக்கத்து வயரும் ஒருநாள் விடும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பெங்களூர் போயி இதே அகலத்துல கேபிள் கிடைக்குதா பார்க்கிறேன்."

அவன் போன பிறகு அவள் நாராயணப்பனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை சொல்வது கஷ்டமாக இருந்தது.

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சே?" என்று கேட்டார்.

"வேற ஆளைப் போட்டுருப்பீங்கன்னு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போட்டிருக்க மாட்டேன்னு இப்ப சொல்றது சுலபம்" என்றார். "ஆனா தப்பு புக்கு போயிருக்குது ராஜி. அதை நீதான் சரிபண்ணணும். இனிமே ஒவ்வொரு புக்கையும் இன்னொரு ஆளும் படிக்கட்டும். நீயே ஆளைச் சொல்லு. டாக்டர்கிட்டயும் ஒரு நடை போயிட்டு வா. என்ன சொல்வாங்களோன்னு பயந்துக்கினு உக்காந்திருக்காதே."

அடுத்த வாரம் முழுக்க மெஷின் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு தொகுதிகளையும் புதிதாக அடித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கம் எழுதி வைத்து அனுப்பினாள். ஜவளகிரிக்கு மட்டும் பார்சல் போடாமல், பையில் வைத்துக்கொண்டு தானே பஸ் ஏறினாள்.

சரிதாவின் அம்மா சென்னம்மா ஸ்டாப்பில் காத்திருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். போகும்போதே, "நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடணும்மா. அப்புறம் காட்டுலேருந்து ஆனை எறங்கற நேரம்" என்றார்.

வீட்டில் உட்கார்ந்ததும் ராஜலட்சுமி புதுத் தொகுதியை எடுத்து நீட்டினாள். "சரிதா, லேதின்னு ஒண்ணும் கிடையாது. தப்பு எங்களுது. புள்ளி கைக்குத் தெரியலன்னாலும் அப்படியே அனுப்பிட்டேன். என் விரல்தான் சரியில்லன்னு நெனச்சுட்டு."

சரிதா எழுந்துபோய்ப் பழைய தொகுதியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "இதப் பாருங்கக்கா."

ராஜலட்சுமி ஒரு பக்கத்தைத் தடவினாள். வரியின் வலது கோடியிலும் 'வேதி' என்றே இருந்தது. இன்னொரு வரியில் 'தழை'. திடுக்கிட்டுப் புள்ளியை உற்றுத் தடவினாள். மெஷின் குத்திய புள்ளியைவிடக் கூராக, கொஞ்சம் கோணலாக இருந்தது.

"நீங்க போன்ல புள்ளியக் கேட்டப்புறம்தான், லேதி வந்த இடத்துலயெல்லாம் ஆறாவது புள்ளி போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். தாளக் கவுத்து, கீழ துணிய மடிச்சு வெச்சு, பால்பேனா முனையில நானே குத்திட்டேன். மூணு பாடம் முடிச்சுட்டேன்."

"மூணு பாடமா!"

"ஒண்ணு ரெண்டு தப்பாயிடுச்சுக்கா. ஒரு இடத்துல 'கல்'லுக்கும் சேத்துக் குத்திட்டேன். அது 'கவ்'வுன்னு ஆயிப்போச்சு."

ராஜலட்சுமி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அந்த மூன்று பாடத்தையும் சரிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தாள். ஒன்பது தப்பு இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சரிதா, "ஐயோ" என்றாள்.

"அடுத்த புக்கு அடிச்சதும் முதல் காப்பி உனக்கு அனுப்பறேன். படிச்சுட்டு எங்கே தப்புன்னு சொல்றியா? நீ சரின்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்குப் போகும்."

"நானா? பரீட்சை இருக்குதேக்கா."

"பரீட்சை முடிஞ்சு."

சரிதா யோசித்தாள். "அப்படின்னா என் பேரும் புக்குல வரணும். சரிபார்த்தவர்னு போடுவீங்கல்ல, அங்க."

"போடலாம். ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்."

சென்னம்மா வெளியிலிருந்து, பஸ் ஹாரன் கேட்கிறது, வாருங்கள் வாருங்கள் என்று அவசரப்படுத்தினார். ராஜலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். சரிதா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "நானும் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முன்னே ஓட, இருவரும் பேசிக்கொண்டே பின்னால் நடந்தார்கள்.